கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்

நான் இடதுகைக்காரி. சமையலறைச் சாமான்களைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம். கத்தரிக்கோல், டின் திறக்கும் கருவி, பீலர், ரொட்டி வெட்டும் கத்தி, ஒரு பக்கம் மட்டும் மூக்கு வைத்த பால் பாத்திரம், ஏன், அளவுக் குடுவையில் அச்சடித்திருக்கும் கோடுகள்கூட வலது கையை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. வலதுகைக்காரர்களுக்கு இது கண்ணிலேயே படாது. எங்களுக்கு ஒவ்வொரு சாமானைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் எழும்: இதை யார் கைக்காகச் செய்திருக்கிறார்கள்?

இப்படிக் கேட்டுக் கேட்டே எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. விளம்பரத்தையோ பெட்டிமேல் இருக்கும் பெயரையோ பார்த்து எதையும் வாங்குவதில்லை. கையில் எடுத்து, வேலை செய்வதுபோலவே பிடித்துப் பார்ப்பேன். அப்புறம் அதைக் கழுவுவதாக மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது, “என்னென்ன வாங்கணும், ஒரு லிஸ்ட் போட்டுக் குடு அக்கா” என்றான். லிஸ்ட் கொடுக்கவில்லை. லிஸ்ட் ஆளுக்கு ஆள், சமையலுக்குச் சமையல் மாறும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கத்தி. சமையலறையில் கையிறுக்கம் காட்டக் கூடாத ஒரே பொருள் கத்திதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்காக மரக்கட்டையில் செருகி வரும் பெரிய செட் வேண்டாம். அதில் பாதிக் கத்திகள் கட்டையைவிட்டு வெளியே வருவதே இல்லை. 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பெரிய கத்தி, தோல் சீவவும் காம்பு எடுக்கவும் ஒரு சின்னக் கத்தி, ரொட்டிக்குப் பல் வைத்த ஒன்று, மூன்றே போதும். கை சின்னதாக இருப்பவர்களுக்கு 20 சென்டிமீட்டர் கொஞ்சம் அதிக நீளம்தான். 16, 18 இரண்டையும் பிடித்துப் பாருங்கள். நீளக் கத்தியைப் பயந்து பயந்து பிடிப்பதைவிட, கைக்கு அடங்கும் கத்தியைத் தைரியமாகப் பிடிப்பது மேல்.

பிடித்துப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கைப்பிடியை முஷ்டியால் இறுகப் பற்றாதீர்கள். அலகு பிடியோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அலகை இரண்டு பக்கமும் கவ்வட்டும். மற்ற மூன்று விரல்கள் பிடியைச் சுற்றிக்கொள்ளட்டும். இப்போது கத்தி முன்னால் தலை சாய்கிறதா, பின்னால் கனக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். அலகின் முதுகுப் பக்கம் ஆட்காட்டி விரலை உறுத்துகிறதா என்று கவனியுங்கள். நன்றாகச் செய்த கத்தியில் அந்த ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கி விட்டிருப்பார்கள். நிறைய நறுக்கும் நாளில் அந்த மழுக்கலின் அருமை தெரியும். பலகைமேல் வைத்து நறுக்குவதுபோல் பிடித்தால் விரல்முட்டி பலகையில் இடிக்கக் கூடாது. பிடியை எஃகோடு சேர்க்கும் ரிவெட்டின்மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அந்த இடத்தில் ஈரமும் அழுக்கும் தங்கப்போகிறது என்று அர்த்தம்.

எஃகைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பேச்சில் மயங்க வேண்டியதில்லை. கத்தி எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். ஜெர்மன் பாணிக் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரை. ஜப்பானியப் பாணிக் கத்திகள் 60, அதற்கு மேலும் போகும். எண் கூடக் கூடக் கூர் நாள்பட நிற்கும். ஆனால் எஃகு முறுகலாகிவிடும். எலும்பிலோ உறைந்த பொருளிலோ பட்டால் ஓரம் பொடியாக உதிரும். மென்மையான எஃகு உதிராது, மடங்கும். கூர் பிடிக்கும் கோணமும் அதற்கேற்ப மாறும்: கடினமானதற்குப் பக்கத்துக்கு 15 டிகிரி, மென்மையானதற்கு 20 டிகிரி அளவில். இதில் எது உசத்தி என்ற கேள்வியே இல்லை. வீட்டில் எல்லாரும் எடுத்துப் புழங்கும் கத்தி என்றால் மென்மையானதை வாங்குங்கள். ஒருவர் மட்டும் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்ளும் கத்தி என்றால் கடினமானது. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன, யாருக்கு எது என்பதில் குழப்பமும் இல்லை.

எந்தக் கத்தியாக இருந்தாலும் அதோடு சாணைக்கல்லையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மழுங்கிய நல்ல கத்தியைவிடத் தீட்டிய சாதாரணக் கத்தி எவ்வளவோ மேல். 1000 கிரிட் கல் ஒன்று வீட்டுக்குத் தாராளம் (கிரிட் என்பது கல்லின் நைசைச் சொல்லும் எண்). இன்னும் நைசாக வேண்டும் என்பவர்கள் மறுபக்கம் 3000 அல்லது 6000 வைத்த கல்லாகப் பார்க்கலாம். பலர் வைத்திருக்கும் நீளமான எஃகுக் கம்பி தீட்டுவதற்கானது அன்று. மடங்கிய ஓரத்தை நிமிர்த்த மட்டுமே அது உதவும். அடிக்கடி நிமிர்த்தினால் அடிக்கடி தீட்ட வேண்டியதில்லை. கூர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழுத்த தக்காளி போதும். கத்தியை அதன்மேல் வைத்து, அழுத்தாமல், சும்மா பின்னால் இழுங்கள். தோலில் வழுக்கினால் கல்லை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

வெங்காயத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். வெங்காயத்தின் செல்கள் உடையும்போது உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலந்து ஒரு வாயு உண்டாகிறது. கண்ணில் பட்டு எரிச்சலைக் கிளப்புவது அதுதான். மழுங்கிய கத்தி செல்களை நசுக்கிக்கொண்டே போகிறது, பலகை ஈரமாகிறது, கண் கொட்டுகிறது. தீட்டிய கத்தி வெட்டிய வழியோடு போய்விடும்; வெட்டு முகம் கண்ணாடிபோல் பளபளக்கும், பலகையில் சாறு அதிகம் இருக்காது, கண்ணும் பெரும்பாலும் தப்பிக்கும். வெங்காயத்துக்கென்று கண்ணாடி மாட்டிக்கொள்வதைவிட இது நல்ல வழி.

இடதுகைக்காரர்கள் கத்தியில் ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகச் சாய்த்துத் தீட்டிய கத்தி எந்தக் கைக்கும் ஒத்துவரும். ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டியது ஒத்துவராது. ரொட்டிக் கத்திகளில் பல் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் கடையப்பட்டிருக்கும். அதை இடது கையில் எடுத்தால் நேராக இறங்காமல் ஒதுங்கிக்கொண்டே போகும். ரொட்டித் துண்டு மேலே ஒரு தடிமன், கீழே ஒரு தடிமன். “உனக்கு நேரா வெட்ட வரல” என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் குறை இல்லை, கத்தி எதிர்க்கைக்குச் செய்தது. இடதுகைக்கென்றே கடைந்த பல்கத்திகள் கிடைக்கின்றன. வீட்டில் இடதுகைப் பிள்ளை இருந்தால் தயவுசெய்து ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கத்தியைச் சொல்லிவிட்டுப் பலகையைச் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடிப் பலகை, பளிங்குப் பலகை எல்லாம் பார்க்க அழகு. கத்திக்கு எதிரி. அவ்வளவு கடினமான பரப்பில் ஒவ்வொரு வெட்டும் கூரைத் தின்னும். மரப்பலகைதான் என் தேர்வு. மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்ற பேச்சு ரொம்ப நாளாக உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த டீன் கிளைவர் இதை ஆராய்ந்தவர். மரத்தில் பட்ட பாக்டீரியா உள்ளே இழுக்கப்பட்டு, பெருகாமல், மெல்ல மடிவதை அவர் கண்டார். கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்வதுதான் சரி. அதற்குப் பிளாஸ்டிக் வைத்துக்கொண்டு, கீறல் ஆழமானதும் தூக்கிப் போட்டுவிடலாம். எந்தப் பலகையானாலும் அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். நகரும் பலகை மழுங்கிய கத்தி அளவுக்கு ஆபத்து.

கத்தரிக்கோலுக்கு வருகிறேன். வலதுகைக் கத்தரிக்கோலை வலது கையில் மூடும்போது விரல்களின் இயல்பான அழுத்தமே இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்தரிக்கோலை இடது கையில் மூடினால் அழுத்தம் அலகுகளைப் பிரிக்கும். உறை வெட்டுப்படாமல் மடங்கி நடுவில் மாட்டிக்கொள்ளும். வெட்டும் கோடும் மேல் அலகுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். சமையலறைக் கத்தரிக்கோலில் எந்தக் கைக்காரரும் பார்க்க வேண்டியது, நடுத் திருகில் கழன்று இரண்டாகப் பிரிகிறதா என்பது. பிரியாவிட்டால் அந்தத் திருகடியில் இறைச்சிச் சாறு காய்ந்து கிடக்கும், கழுவவே முடியாது.

பீலரில் எனக்குப் பிடித்தது ஒய் வடிவப் பீலர். 1947ல் சுவிட்சர்லாந்தில் ஆல்ஃப்ரெட் நெவெசெர்சால் என்பவர் வடிவமைத்த ரெக்ஸ் பீலர்தான் அதில் பேர்போனது. வளைத்த அலுமினியத் தகடு, குறுக்கே ஆடும் ஒரு அலகு, பக்கத்தில் உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட ஒரு சின்ன வளையம். அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் அதற்குத் தபால்தலையே வெளியிட்டிருக்கிறார்கள். இடது வலது என்ற பேதமே அதற்குக் கிடையாது, எந்தக் கையில் எடுத்தாலும் ஒரே மாதிரி சீவும். கேரட்டை நுனியிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவிப் பாருங்கள். தோல் ரிப்பனாக, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக வரும். தோலோடு சதையும் போகிறது என்றால் அந்தப் பீலர் வேண்டாம்.

ஆனால் அம்மாவுக்கு அந்தத் தகடு ஆகவில்லை. விரல் மூட்டு வலி, மெல்லிய எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. அவருக்காகத் தேடியபோதுதான் தடித்த ரப்பர் பிடி போட்ட ஆக்ஸோ பீலரின் கதை தெரிந்தது. சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்சிக்கு மூட்டுவாதம். அவர் பீலரைப் பிடிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்து ஃபார்பர் இந்தப் பிடிகளை வடிவமைக்க வைத்து, 1990ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வலி உள்ள கைக்காகச் செய்தது, வலி இல்லாத கைகளுக்கும் சுகமாக இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு தூரம் பரவியது. அம்மா அதை முதல்முறை பிடித்தபோது விரலை இறுக்காமலே உருளைக்கிழங்கு சீவினார். பக்கவாட்டில் நெகிழும் வரிகள் கட்டைவிரலுக்கு, ஈரக் கையிலும் வழுக்காத பிடி, விரலை மடக்க வேண்டாத தடிமன். யோசித்துச் செய்த கருவி என்றால் இதுதான்.

சாமான் வாங்கும்போது வீட்டில் இருப்பவர்களிலேயே வலுக்குறைந்த கையை நினைத்து வாங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூட்டு வலிக்காரரும், பிள்ளையும், இடதுகைக்காரரும் எடுத்துப் புழங்க முடிகிற சாமான் மற்றவர்களைப் படுத்தாது.

பாத்திரத்துக்கு வருவோம். இங்கே உலோகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எவர்சில்வரில் 18/8 என்று போட்டிருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று பொருள். துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். ஆனால் எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் ரொம்ப மந்தம். அலுமினியம் அதைவிடக் கிட்டத்தட்ட 15 மடங்கு, செம்பு 25 மடங்கு வேகமாகக் கடத்தும். வெறும் எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் வட்டம் மட்டும் கருகி, ஓரம் வேகாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். உள்ளும் புறமும் எவர்சில்வர், நடுவில் அலுமினியம் என்று ஒட்டிய ட்ரைப்ளை பாத்திரங்கள் வந்ததும் அதனால்தான். அலுமினியம் அடியில் மட்டும் இருக்கிறதா, பக்கவாட்டுச் சுவர் முழுக்க ஏறியிருக்கிறதா என்று விளிம்பைப் பாருங்கள். வறுக்கவும் வதக்கவும் சுவர்வரை ஏறியது வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்துக்கு அடியில் மட்டும் இருந்தால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அடியில் நன்றாக ஒட்ட வேண்டும். 18/8 எவர்சில்வரில் காந்தம் பொதுவாக ஒட்டாது, அதனால்தான் அடிப்பக்கத் தகட்டுக்கு வேறு ரக எஃகு வைக்கிறார்கள்.

எவர்சில்வர் சட்டியில் முட்டை ஒட்டும் என்பது பலருடைய புகார். சட்டியைக் காலியாகச் சூடாக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஆரம்பத்தில் சுர்ரென்று ஆவியாகிவிடும். இன்னும் கொஞ்சம் சூடேறியதும் விட்டால், சொட்டு ஆவியாகாமல் உருண்டையாகத் திரண்டு சட்டி முழுக்க ஓடும். சொட்டுக்கு அடியிலேயே உண்டாகும் நீராவி அதைத் தூக்கிப் பிடிக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலையில் தண்ணீரைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் முட்டையை உடைத்து ஊற்றுங்கள். முதலில் பிடித்துக்கொள்ளும், தொடாதீர்கள். அடி பொன்னிறமானதும் தானே விட்டுக்கொடுக்கும். அப்போது கரண்டியை நுழைத்தால் முழுசாக வந்துவிடும்.

நான்ஸ்டிக்கைக் கூடாது என்று சொல்பவள் இல்லை நான். 1938ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது எதிர்பாராமல் கிடைத்த பொருள்தான் அந்தப் பூச்சு. மென்மையான முட்டைச் சமையலுக்கு அது நல்ல துணை. ஆனால் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது சிதையத் தொடங்கும், வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். அதிலிருந்து எழும் புகை வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றுவிடும், கிளி வளர்ப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நான்ஸ்டிக் காலாவதியாகும் சாமான். உரியத் தொடங்கியதும் கழித்துவிட வேண்டியதுதான். அதனால் அதில் பெரும் பணத்தைப் போடாமல், அந்தப் பணத்தை இரும்புச் சட்டிக்கோ ட்ரைப்ளைக்கோ ஒதுக்கலாம்.

பாத்திரம் எதுவானாலும் கைப்பிடியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். காலியாகத் தூக்கினால் போதாது. உள்ளே இன்னும் இரண்டு கிலோ இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு கையால் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டு திரும்புகிறதா, பிடி உள்ளங்கையில் சுழல்கிறதா என்று தெரியும். மூக்கு வைத்த பாத்திரம் என்றால் இரண்டு பக்கமும் மூக்கு இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வீட்டில் யாரோ ஒருவர் கையை முறுக்கிக்கொண்டு ஊற்ற வேண்டிவரும்.

இனி கழுவுவது. ஒரு கருவி எத்தனை நாள் நம்மோடு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் இணைப்புகள்தான். மரப்பிடியில் சிலிக்கோன் தலையைச் செருகிய துடுப்பைக் கழற்றி மோந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். தலைக்குள்ளே தண்ணீர் இறங்கி, காயாமல், கறுத்துப் போயிருக்கும். பிடியும் தலையும் ஒரே வார்ப்பாக வரும் துடுப்பை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. சிலிக்கோன் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், நைலான் கரண்டிகள் சூடான சட்டி விளிம்பில் சாய்த்து வைத்தால் நுனி உருகிப்போகும். வடிகட்டியில் வலையும் வளையமும் சேரும் மடிப்பு, பிளெண்டர் அலகுக்கடியில் இருக்கும் வளையம், தெர்மாஸ் மூடியின் உள்பக்கம், இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். பிரஷர் குக்கருக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்தப் பாத்திரம் 1679ல் டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் செய்து காட்டியதிலிருந்து அடிப்படையில் மாறவில்லை. கெட்டியான மூடி, உள்ளே ஏறும் அழுத்தம், அதனால் 120 டிகிரி வரை உயரும் கொதிநிலை. பாத்திரம் பல வருடம் உழைக்கும். ரப்பர் அவ்வளவு காலம் உழைக்காது.

தராசும் தெர்மாமீட்டரும் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் நிறைய. எனக்கு அவை இல்லாமல் முடியாது. ஒரே கப்பில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம்வரை போகும். கேக் ஒருநாள் பஞ்சாகவும் ஒருநாள் கட்டையாகவும் வருவதற்குப் பல நேரங்களில் இந்த 30 கிராம்தான் காரணம். தராசில் ஒரு கிராம் துல்லியம் இருக்கட்டும், பெரிய பாத்திரம் வைத்தாலும் எண் தெரியும்படி திரை வெளியே நீட்டியிருக்கட்டும். தெர்மாமீட்டர் வாங்கியதும் பனிக்கட்டி நிறையப் போட்ட தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். கோழி உள்ளே 74 டிகிரியைத் தொட்டால் வெந்துவிட்டது. வெட்டி வெட்டி நிறம் பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது விளையாட்டுச் சாமான்கள். ஒரு வேலை மட்டும் செய்யும் கருவியை வாங்கவே கூடாது என்று கறாராகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் மகளைச் சமையலறைக்குள் கொண்டுவந்தது முட்டை வெட்டும் கருவி. கம்பி கட்டிய மூடியும் பள்ளம் வைத்த அடியுமாக, உள்ளங்கை அளவில் இருக்கும். வேகவைத்த முட்டையைக் குழியில் வைத்து மூடியை மெதுவாக அழுத்தினால், கம்பிகள் வெள்ளையில் இறங்கும்போது ஒரு சின்ன எதிர்ப்பு, மஞ்சளில் இறங்கும்போது அதுவும் இல்லை. திறந்தால் முட்டை முழுசாகவே இருப்பதுபோல் தெரியும். விரலால் தள்ளினால் வட்டம் வட்டமாகச் சரியும். “அம்மா, இன்னொன்னு குடு, நான் வெட்டுறேன்” என்று அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அப்புறம் காளானை வெட்டினாள், ஸ்ட்ராபெரியை வெட்டினாள். கத்தி பிடிக்கும் வயது வரும்வரை அதுதான் அவள் கருவி. அந்தக் கம்பியைக் கத்தியால் ஈடுகட்டலாம்தான், அவளுடைய ஆர்வத்தை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

நுண் துருவி இன்னொன்று. மரவேலைக்காகச் செய்த அரம் 1990களில் கனடாவில் ஒரு வீட்டுச் சமையலறைக்குள் போய், ஆரஞ்சுத் தோலைத் துருவ, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. மைக்ரோபிளேன் என்ற பெயர் அப்படித்தான் நமக்குத் தெரிந்தது. பழத்தை லேசாக ஓட்டினால் நிறத்தோல் மட்டும் வரும், கசக்கும் வெள்ளைப் பகுதி பழத்திலேயே நிற்கும். மணம் கையெல்லாம் ஏறும். பூண்டு, இஞ்சி, சீஸ், சாக்லேட் எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் எடுக்கிறேன். கழுவுவதில் மட்டும் ஒன்று கவனம்: துருவும் திசைக்கு எதிர்த்திசையில் பிரஷ் ஓட வேண்டும், துருவும் திசையிலேயே ஓடினால் விரல் போய்விடும்.

கீரை, இலைகளைச் சுழற்றி உலர்த்தும் கூடையும் பிள்ளைகளுக்குப் பிடித்த சாமான். இலையில் நீர் நின்றால் எண்ணெய் கலந்த எந்தச் சாறும் ஒட்டாது என்பதால் அது வெறும் விளையாட்டும் இல்லை. இடம்தான் அடைக்கும். காய்களை அலகின்மேல் தேய்த்துச் சீவும் பலகையான மேண்டலினைப் பொறுத்தவரை நான் ரொம்பக் கண்டிப்பு. காகிதம்போல் சீவும், அவ்வளவு அழகு, ஆனால் வெட்டுப்படாத கையுறை கூடவே இல்லாமல் அதை வாங்காதீர்கள். அந்தக் கையுறையை மேண்டலின்மேலேயே மாட்டி வைத்திருக்கிறேன், கழற்றி அணியாமல் கருவியை எடுக்க முடியாது.

ஏர் ஃப்ரையரைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். விசிறி வைத்த சின்ன ஓவன் அது, பெயரில் இருக்கும் பொரித்தல் அதில் நடப்பதில்லை. சூடான காற்று வேகமாகச் சுழன்று மேற்பரப்பை உலர்த்துகிறது, உலர்ந்த பரப்பு சீக்கிரம் சிவக்கிறது. விசிறியோடு கூடிய ஓவன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அவசியமில்லை. இல்லாத, சின்னக் குடும்பம் என்றால் நன்றாகப் பயன்படும். கூடையில் எவ்வளவு கொள்ளும் என்று லிட்டரைப் பார்க்காமல், அடிப்பரப்பைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்தால் காற்று போக வழியிருக்காது. கூடையின் வலை மடிப்பை விரலால் தடவிப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம்.

நான் தொடாத ஒரு வகை உண்டு. கைபேசிச் செயலி இல்லாமல் வேலை செய்யாத கருவிகள். செயலியைக் கைவிட்டுவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் இரும்பும் மோட்டாரும் குப்பைக்குப் போகும். சமையலறைச் சாமான் நம் வயதோடு போட்டிபோட வேண்டியது.

பழைய சாமானை வாங்கலாமா என்றும் கேட்பார்கள். வார்ப்பிரும்பை யோசிக்காமல் வாங்கலாம். துருவைக் கண்டு பின்வாங்க வேண்டாம், அது தேய்த்தால் போய்விடும். தேய்த்துக் காயவைத்து, மெல்லிய படலமாக எண்ணெய் தடவி, ஓவனில் கவிழ்த்துப் போட்டு நன்றாகச் சூடாக்கினால் எண்ணெய் கெட்டிப்பட்டு இரும்போடு ஒட்டிய கறுப்புப் பூச்சாகும். நாலைந்து முறை செய்தால் சட்டி புதிதாகும். பார்க்க வேண்டியது விரிசல். சட்டியை விரலில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் கணீரென்று நீளமாக ஒலிக்கும், விரிசல் இருந்தால் சத்தம் மொக்கையாக அடங்கிவிடும். அடியில் ஒரு ஸ்கேலை நேராக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் சட்டிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடி வளைந்திருக்கிறது, கண்ணாடி அடுப்பில் அது ஆடும். தெரியாவிட்டால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.